பழைய சைக்கிள் ஸ்டீல் ஃபிரேம், காட்டுப் பாதைக்கு: புதுப்பிப்பு

முதல் பதிவில் நின்ற இடம்: பின் டிராப்அவுட் (சக்கர ஆக்ஸில், அதாவது அச்சு, உட்காரும் பிளவு) இடைவெளி 126 மி.மீ., ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) 130 மி.மீ.; 622 சக்கரத்தில் (ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம், மி.மீ.) தடித்த டயர் செயின்ஸ்டேயில் (பெடல் அச்சுப் பகுதியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) உரசியது. இரண்டும் தீர்ந்துவிட்டன.

ஹப் நுழைய டிராப்அவுட்டுகளை விரிக்க வேண்டும். இரு பக்கத்தையும் ஒன்றாக விரித்தால் இளகிய பக்கமே அதிகம் வளையும். தனித்தனியாக, பக்கத்துக்கு 2 மி.மீ. நெம்ப வேண்டும், எஃகு கொஞ்சம் பின்வாங்கும், ஆகவே அடிக்கடி அளக்கவும். ஒரு டிராப்அவுட்டிலிருந்து ஹெட் டியூபை (ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள முன் குழாய்) சுற்றி மற்றதற்கு நூல் கட்டி, சீட் டியூபுக்கு (இருக்கைக்குக் கீழுள்ள குழாய்) இருபுறமும் உள்ள தூரத்தைப் பாருங்கள். சமமாக இருக்க வேண்டும். அடுத்து டிராப்அவுட்டுகளை இணையாக்க வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இது. விட்டால் ஆக்ஸில் வளைந்து உடையும். அலுமினிய ஃபிரேமில் இதையெல்லாம் செய்யவே கூடாது.

சக்கரம் இப்போது 584, டயர் 42 மி.மீ. மொத்த விட்டம் 622-இல் 25 மி.மீ. டயர் போட்டதற்கு ஏறக்குறையச் சமம், அதனால் பெடல் உயரம் மாறவில்லை. ஆனால் பிரேக் கட்டை 19 மி.மீ. கூடுதலாக எட்ட வேண்டும். கை நீளமான பிரேக் அவசியம். டயருக்கு இருபுறமும் 6 மி.மீ. விடுங்கள், இல்லையேல் சேறு பெயிண்டை அரித்துவிடும்.

பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பகுதி) ஆங்கிலப் புரி (ஆங்கிலத் தரத் திருகு மரை) என்றால், அதன் வலப்புறக் கப் கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும்.