புதுப்பிப்பு: லினக்ஸில் டயல்-அப் மோடம் இணைந்துவிட்டது

முன்பு கேட்டது: கடலூர் முதுநகர் தொலைபேசி லைனில் இணையத்துக்கு டயல் செய்யும் மோடம் 'டயல் டோன் இல்லை' என்று நின்றுவிடுகிறது. இப்போது சரியாகிவிட்டது.

உள்ளே இருந்த பிசிஐ கார்டு வின்மோடம். அதன் வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் டிரைவர்தான் செய்யும். புதியவர்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சீரியல் போர்ட்டில் வெளி மோடம் மாட்டுங்கள், தனி டிரைவரே தேவையில்லை. பயனரை டயல்அவுட் (dialout, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்தும் அனுமதி உள்ள) குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். இல்லையென்றால் போர்ட் திறக்காது.

டோன் சிக்கலுக்கு, டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயலின் (wvdial) அமைப்புக் கோப்பில், மோடத்துக்குத் தொடக்கக் கட்டளை தரும் இனிட் (Init) வரியில் எக்ஸ்3 (X3) சேர்க்க வேண்டும். மோடம் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும், எங்கேஜ் ஒலியை மட்டும் கவனிக்கும். துறைமுகப் பக்கம் உப்புக்காற்றில் தொலைபேசி சாக்கெட் பின்கள் பச்சை பிடிக்கும். முதலில் அதைத் துடையுங்கள்.

இணைந்தும் பக்கம் திறக்கவில்லையா? லேன் கார்டின் டீஃபால்ட் ரூட் (இணையப் போக்குவரத்து இயல்பாகச் செல்லும் வழி) குறுக்கே நிற்கிறதா பாருங்கள். இருந்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி டயல் செய்யுங்கள்.