ஓய்வு மென்சவ்வு அழுத்தம்: உருவாக்குவது பம்பியா, பொற்றாசியக் கசிவா?

கொத்மலை மாணவி:
ஆசிரியர்களுக்கும் அண்ணாமார், அக்காமாருக்கும் வணக்கம். நான் ஹட்டனில் உயர்தர உயிரியல் படிக்கிறேன். கலத்தைச் சூழ்ந்த மென்சவ்விலுள்ள சோடியம் பொற்றாசியம் பம்பி என்ற புரதம் ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியம் அயன்களை மட்டும் உள்ளே எடுப்பதால்தான் நரம்புக் கலத்தின் உட்புறம் −70 மில்லிவோல்ற்றில் இருக்கிறது என்று வகுப்புக் குறிப்பில் உள்ளது. எங்கள் பாடசாலையில் முன்பு படித்த அக்கா ஒருவர் தந்த குறிப்பிலோ, பொற்றாசியம் வெளியே கசிவதே காரணம், பம்பியின் நேரடிப் பங்கு சொற்பம் என்று எழுதியிருக்கிறது. எதை எழுதுவது? பம்பியை நிறுத்தினால் இந்த மின்னழுத்தம் (ஓய்வு மென்சவ்வு அழுத்தம்) உடனே இல்லாமல் போய்விடுமா? பொற்றாசியம் வெளியே போவதுதான் காரணமென்றால் அது உள்ளே ஏன் தீர்ந்துபோகவில்லை?

உயிரியல் ஆசிரியர், பண்டாரவளை:
மகள், அக்காவின் குறிப்பே சரி. பம்பி, கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி. மூலக்கூறொன்றைச் செலவழித்து மூன்றை வெளியேற்றி இரண்டை எடுப்பதால் சுற்றொன்றுக்கு ஒரு நேரேற்றம் உள்ளே குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரடி விளைவு பொதுவாகச் சில மில்லிவோல்ற்றோடு நின்றுவிடும்.

கலத்தினுள் பொற்றாசியம் லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல், வெளியே 4. சோடியம் உள்ளே 12, வெளியே 145. இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டிக்காப்பதே பம்பியின் வேலை. மென்சவ்வின் கொழுப்பாலான பொசுபோலிப்பிட்டு இரட்டைப் படையை அயன்கள் தாமாகக் கடக்க மாட்டா. புரதக் கால்வாய்கள் வேண்டும். ஓய்வு நிலையில் திறந்திருப்பவை பெரும்பாலும் பொற்றாசியக் கால்வாய்களாக இருப்பதால், பொற்றாசியம் தன் செறிவுப் படித்திறன் வழியே, அதாவது செறிவு கூடிய உட்புறத்திலிருந்து குறைந்த வெளிப்புறத்துக்கு, வெளியேற, அதற்கு ஈடாக இருந்த மறையேற்றமுள்ள புரதங்களும் பொசுபேற்றுகளும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. உட்புறம் மறையாக ஆக, அந்த மறையேற்றமே பொற்றாசியத்தைத் திரும்ப இழுக்கத் தொடங்குகிறது. இரு இழுப்புகளும் சமப்படும் இடத்தை நேர்ன்ஸ்ற் சமன்பாடு தரும்: 37 பாகை செல்சியசில் (4/140) இன் மடக்கையை 61 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ −94 மில்லிவோல்ற்று வரும். சோடியத்துக்கு இதே கணக்கு +66 ஐத் தரும். ஓய்வில் சோடியமும் சிறிதளவு உள்ளே கசிவதால் நரம்புக் கலம் −94 வரை போகாமல் −70 அளவில் நிற்கிறது.

ஏன் தீர்ந்துபோகவில்லை என்ற உங்கள் கேள்வி வினாத்தாள்களில் வருவதில்லை, வரவேண்டும். 20 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள கோள வடிவக் கலமொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மென்சவ்வின் கொள்ளளவம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோபரட். பௌதிகவியலில் படித்த கொள்ளளவிச் சமன்பாட்டை அப்படியே இங்கே இட்டால், 70 மில்லிவோல்ற்றை உண்டாக்க ஏறத்தாழ 55 இலட்சம் அயன்கள் வெளியேறினால் போதும் என்று வரும். அதே கலத்தினுள் இருக்கும் பொற்றாசியம் அயன்களோ ஏறத்தாழ 35,000 கோடி. வெளியேறுவது 64,000 இல் ஒன்று என்பதால் 140 என்ற செறிவு அசைவதே இல்லை.

பம்பியை நிறுத்துவது பற்றி: ஹொட்ஜ்கினும் கெய்ன்சும் 1955 இல் வெளியிட்ட பரிசோதனைகளில், கணவாயின் பருத்த நரம்பு நாருக்குச் சயனைட்டு போன்ற நஞ்சுகளைக் கொடுத்தபோது சோடியம் வெளியேற்றம் பெரிதும் குறைந்தது, நாரோ கணத்தாக்கங்களை (நரம்பின் மின் சைகைகளை) தொடர்ந்து கடத்தியது. மேட்டிலுள்ள தண்ணீர்த் தாங்கியை நிரப்பும் மோட்டர் நின்ற கணமே லயத்துக் குழாய் வற்றிவிடுவதில்லை அல்லவா? செறிவு வேறுபாடு கரையக் கரையவே அழுத்தமும் தேயும். சிறிய கலங்களில் இது விரைவாக நடக்கும்.

மருந்தாளர், பதுளை:
தங்கச்சி, சேர் சொன்னவற்றில் 4 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அஞ்சுவது அதற்குத்தான். குருதியில் சோடியம் 145 இலிருந்து 135 ஆக இறங்கினாலும் ஓய்வு அழுத்தம் பெரிதாக நகராது. பொற்றாசியம் 4 இலிருந்து 8 ஆனால் அதன் சமநிலை அழுத்தம் −94 இலிருந்து −76 க்கு வந்துவிடும். இதயத் தசையின் துடிப்பு ஒழுங்கு குலையும். பொற்றாசியம் குளோரைட்டு ஊசிமருந்தை நன்றாக ஐதாக்கி, மெதுவாகவே ஏற்ற வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பம்பி சேமித்து வைத்த சோடியப் படித்திறன் வேறு வேலைகளுக்கும் உதவுகிறது. சிறுகுடற் கலத்தின் உணவுப் பக்க முகத்திலுள்ள காவிப் புரதமொன்று, இரண்டு சோடியம் அயன்கள் உள்ளே இறங்கும் வேகத்தில் ஒரு குளுக்கோசு மூலக்கூறையும் அதன் செறிவுக்கு எதிராக உள்ளே இழுத்துக்கொள்கிறது. காவி நேரடியாக ஏ.ரி.பி. செலவழிப்பதில்லை, கலத்தின் மறுமுகத்திலுள்ள பம்பி சோடியத்தை இறைத்துக்கொண்டிருப்பதால்தான் இது நடக்கிறது. சோடியமும் குளுக்கோசும் இப்படிச் சேர்ந்தே கடத்தப்படுகின்றன என்ற கருத்தை ரொபர்ட் கிரேன் 1960 இல் முன்வைத்தார். கொலராவிலும் இந்தக் காவி பழுதடைவதில்லை. வயிற்றோட்டத்தில் இழந்த நீரை ஈடுசெய்யக் குடிக்கக் கொடுக்கும் ஜீவனி போன்ற உப்பு, குளுக்கோசுக் கரைசல்கள் வேலை செய்வது அதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2002 இல் திருத்திய கலவையில் லீற்றருக்குச் சோடியமும் குளுக்கோசும் தலா 75 மில்லிமோல். அரைப் பைக்கற்றை ஒரு கோப்பை நீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பவர்களை இன்றும் காண்கிறேன். கரைசல் தடித்துவிட்டால் நீர் குடலிலிருந்து உடலுக்குள் வருவதற்குப் பதிலாகக் குடலை நோக்கியே இழுபடும்.

தேயிலைப் பயிரியல், தலவாக்கலை:
மேலே சொன்ன பம்பி விலங்குக் கலங்களுக்கு உரியது. தேயிலைச் செடியில் அது கிடையாது. தாவரக் கலம் ஏ.ரி.பி. செலவழித்துப் புரோத்தன்களை (ஐதரசன் அயன்களை) வெளியே இறைக்கிறது. இங்கே பம்பியின் நேரடிப் பங்கு பெரியது என்பதால் மென்சவ்வு அழுத்தம் −120 முதல் −180 மில்லிவோல்ற்று வரை போகும். 25 பாகை செல்சியசில் ஒவ்வொரு 59 மில்லிவோல்ற்றும் ஒரேற்ற நேரயனொன்றைப் பத்து மடங்கு உள்ளே சேர்க்க வல்லது. ஆகவே −118 இல் நிற்கும் வேர்க் கலம், மண்ணீரில் இருப்பதைப் போல நூறு மடங்கு பொற்றாசியத்தைக் கால்வாய் வழியாகவே சேர்த்துக்கொள்ளலாம். தோட்டத்தில் போடும் பொட்டாஷ் உரம் செடிக்குள் ஏறும் வழிகளில் இது ஒன்று.

காலை வெயில் இலையில் பட்டதும் அதன் நீல ஒளி, இலைவாய் என்ற நுண்துளையின் இருபுறமும் உள்ள காவற் கலங்களின் புரோத்தன் பம்பியை முடுக்குகிறது. உட்புறம் மேலும் மறையாகி, பொற்றாசியம் உள்ளே வர, நீரும் பின்தொடர்ந்து, கலங்கள் புடைத்து இலைவாய் திறக்கிறது. தை, மாசி வறட்சியில் அப்சிசிக்கமிலம் என்ற தாவர ஓமோன் இதைத் தலைகீழாக்குகிறது: முதலில் அனயன்கள் (மறையேற்ற அயன்கள்) வெளியேறி, உட்புறத்தின் மறையேற்றம் குறைந்து, பொற்றாசியமும் நீரும் வெளியே போக, இலைவாய் மூடுகிறது. நரம்பு ஒரு பாடத்திலும் இலைவாய் இன்னொரு பாடத்திலும் இருப்பதால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

கொத்மலை மாணவி:
மூவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம், சேர். மலையில் கொழுந்து எடுக்கும்போது அம்மா தன் காலில் ஏறும் அட்டைக்கு உப்பு வைத்தால் அது சுருண்டு விழுகிறது. சோடியம் அதன் மென்சவ்வு அழுத்தத்தைக் குலைப்பதாலா?

உயிரியல் ஆசிரியர், பண்டாரவளை:
விடைத்தாளில் பிரசாரணம் என்றே எழுதுங்கள், மகள். அட்டையின் ஈரத் தோலில் உப்புக் கரைந்து செறிவான கரைசலாவதால் இழையங்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது. நீர் மிக விரைவாக மென்சவ்வைக் கடக்கக் கூடியது. பீற்றர் ஏகர் 1992 இல் இனங்கண்டு, 2003 இல் நோபல் பரிசு பெற்ற நீர்க் கால்வாய்ப் புரதமொன்று வினாடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகளை விடும். பம்பியோ அதே நேரத்தில் சில நூறு அயன்களையே கடத்தும். இத்தனை நீரை விடும் அந்தக் கால்வாய் புரோத்தனை மட்டும் விடாது. நீரோடு புரோத்தனும் நழுவிச் செல்ல முடிந்தால், தலவாக்கலை நண்பர் சொன்ன தேயிலை வேரின் பம்பி இறைத்ததெல்லாம் அதே வேகத்தில் உள்ளே திரும்பிவிடும். −120 மில்லிவோல்ற்றை அந்தக் கலத்தால் தக்கவைக்கவே இயலாது.