யோம் கிப்பூருக்கு முந்தின நாள்

கடலோடி
இஸ்ரேலில், ஹைஃபாவில் நான் வேலைக்கிருந்து பார்த்துக்கொண்ட யூதப் பாட்டிக்கு 86 வயது. யோம் கிப்பூர், யூதர்கள் நோன்பிருந்து பாவமன்னிப்புக் கேட்கும் நாள். அந்த நோன்புக்கு முன் கடைசிச் சாப்பாடு முடிந்ததும் என் கையைப் பிடித்தார். "இந்த வருஷம் உன்னை நோகடிச்சிருந்தா மன்னிச்சிடு." மருந்து டப்பாவை என்மேல் வீசிய நாளையும் ஞாபகமாகச் சொன்னார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாட்டி" என்று எழுந்துவிட்டேன். கடவுளிடம் செய்த பிழையைத்தான் அந்த நாள் தீர்க்கும், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்கணும் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்ட நூல் சொல்வது பிறகுதான் தெரிந்தது. அவர் காத்திருந்தது "மன்னிச்சிட்டேன்" என்ற ஒரு சொல்லுக்கு. யோம் கிப்பூர் வரும் அடுத்த திஷ்ரி மாதத்துக்கு அவர் இல்லை.

மழைச்சாரல்
ரெஹோவோத், ஆராய்ச்சிக்குப் போன முதல் வருஷம். அந்தத் துக்க நாளில் 25 மணி நேரம் ரோட்டில் ஒரு கார் இல்லை. நடுரோட்டில் குழந்தைகள் சைக்கிள் விட்டார்கள். முடிவில் ஜெப ஆலயத்திலிருந்து ஷோஃபார் கொம்பு ஒரே நீள ஊதல். தெருவே நின்று கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எகிப்தில் அடிமையாயிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைக்கும் பெசாக் வாரம்தான் கஷ்டம். கோதுமை மாதிரி தானியத்தில் புளித்தது எதுவும் கூடாது, அரிசிகூடச் சாப்பிட மாட்டார்கள்.

தஞ்சைச் செவிலி
மழைச்சாரல், துக்க நாள் இல்லைங்க. துக்கம் என்றால் எருசலேம் ஆலயம் இடிந்ததற்கான திஷா பெஆவ். யோம் கிப்பூரில் வெள்ளை உடுத்துவார்கள். அரிசியும் எல்லோரும் விலக்குவதில்லை. ரமத் கானில் நான் இருந்தது ஈராக்கிலிருந்து வந்த யூதக் குடும்பம். அந்தம்மா பெசாக்குக்கு முன் அரிசியை மூன்று தடவை பொறுக்குவார், ஒரு கோதுமை மணி கலந்திருக்கக் கூடாதென்று. மூன்றாவது தடவை என்னையும் உட்கார வைத்தார், அவ்வளவுதான் என் கதை.
புதிதாகப் போகிறவர்களுக்கு: பெசாக் வாரத்தில் ரொட்டி, பிஸ்கட், ரவை, ஓட்ஸ் எதையும் அந்த வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். உங்கள் பாத்திரத்தை அவர்கள் பெசாக் பாத்திரத்தோடு சேர்க்காதீர்கள். யோம் கிப்பூருக்கு முந்தின நாள் மதியத்துக்குள் கடைக்குப் போய் வந்துவிடுங்கள், பிறகு பஸ் கிடையாது. நோயாளி நோன்பிருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் சாப்பிடச் சொல்வதே அவர்கள் சட்டம்.

வன்னியாள்
2009 ஏப்ரல், நான் வேலை செய்த வீட்டில பெசாக் இரவு. எகிப்தில விழுந்த பத்து வாதையின்ர பேரையும் சொல்லிச் சொல்லி, ஒவ்வொண்டுக்கும் விரலால வைனைத் தொட்டுத் தட்டில ஒரு சொட்டு விட்டினம். ஏனெண்டு கேட்டன். "செத்தது எங்கட எதிரிதான், எண்டாலும் எங்கட கிண்ணம் நிறைஞ்சிருக்கக் கூடாது" எண்டார் அந்த வீட்டுத் தாத்தா. அம்மா அப்ப வன்னிக்குள்ள, போன் இல்லை. தட்டில பத்துச் சிவப்புப் பொட்டு. அதையே பாத்துக்கொண்டு இருந்தன். தாத்தா ஒண்டும் கேக்கேல்லை, தன்ர கதிரையை என்ர பக்கம் இழுத்துப் போட்டார்.