மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் மனசு எங்கேயோ போய்விடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: கண்ணை மூடி உட்கார்ந்ததும் நாளைய மீட்டிங், வீட்டுக் கடன் தவணை, யாரோ எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை என்று வரிசையாக வருகிறது. இதெல்லாம் எனக்கு ஒத்துவராதா?

பதில் 1: ஒத்துவரும், விட்டுவிடாதீர்கள். மனசு அலைவது இயல்பு, அது அலைந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிகிற நொடிதான் பயிற்சியே, அப்புறம் உங்களையே திட்டிக்கொள்ளாமல் மூச்சுக்குத் திரும்பினால் போதும். காற்று உள்ளே போகும்போது மூக்கு நுனியில் குளிர்ச்சி, வெளியே வரும்போது லேசான சூடு. அதை மட்டும் பாருங்கள்.

பதில் 2: உட்காரவே முடியவில்லையா, சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் ஆரம்பித்த 8 வாரத் தியானப் பயிற்சியில் ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் வைத்து, அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் உருட்டி, பிறகுதான் கடிக்கச் சொல்வார்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு முதல் நாலு வாய் சோறாவது அப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 3: மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் பழைய அதிர்ச்சி ஏதாவது மனசில் இருந்தால் கண்ணை மூடியதும் பதற்றம் கூடலாம், அப்போது கண்ணைத் திறந்தபடியே மெதுவாக நடந்து பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், குறையாவிட்டால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.