புதுப்பிப்பு: 9.9 ஹெச்பி போட் இன்ஜின் இழுவை இல்லாம இருந்தது, சரியாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, நம்ம ஃபைபர் போட்ல இருக்கிற டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டோட பின்பக்கம் வெளிய மாட்டுற இன்ஜின்) ஐடில்ல, அதாவது முறுக்காம மெதுவா ஓடும்போது நல்லா ஓடுது, ஆனா திராட்டில முறுக்குனா அப்படியே அமுங்கி அணையப் பாக்குதுன்னு. பிளக் 2 புதுசு போட்டாச்சு, கார்ப்ரேட்டரும் ரெண்டு தடவை கழுவியாச்சு, ஒண்ணும் மாறல.

கடைசியில ஒரு அண்ணன் சொன்னபடி செஞ்சு பாத்தேன். ஃபுல் திராட்டில்ல போகும்போது தம்பி பக்கத்துல உக்காந்து பெட்ரோல் டியூப்ல இருக்கிற கைப்பம்ப அமுக்கிக்கிட்டே இருந்தான், அமுக்க அமுக்க இன்ஜின் சத்தமே மாறி போட் மூக்கு தூக்கி ஓட ஆரம்பிச்சுது, கைய எடுத்தா கொஞ்ச நேரத்துல மறுபடி அமுங்குது. அப்போ கார்ப்ரேட்டருக்குத் தேவையான பெட்ரோல் வந்து சேரலன்னு தெளிவாச்சு. கைப்பம்ப் உள்ள ஒட்டிப்போய் சப்பையாகல, அதனால டேங்க் மூடியோட காத்து துவாரம் அடைப்பு இல்லன்னு அத விட்டுட்டேன்.

அடுத்து, கார்ப்ரேட்டருக்கு பெட்ரோல் தள்ளுற ஃபியூயல் பம்ப கழட்டி, அதுக்குள்ள இருக்கிற டயாஃப்ரத்த (மெல்லிசான ரப்பர் தகடு) வெயில்ல தூக்கிப் பிடிச்சா ஓரத்துல ஊசி முனை அளவு ஓட்டை, ரப்பரும் விறைச்சுப் போயிருந்துச்சு. ஐடில்லுக்கு கொஞ்சம் பெட்ரோல் போதும், அதான் அப்போ தெரியல. டயாஃப்ரம், கேஸ்கெட் ரெண்டும் மாத்துனேன்.

நேத்து 4 பேரும் வலையும் ஏத்திக்கிட்டுப் போனோம், முறுக்குன உடனே பாய்ஞ்சிடுச்சு. கார்ப்ரேட்டர கழட்டுறதுக்கு முன்னாடி இந்த கைப்பம்ப் சோதனைய செஞ்சு பாத்துருங்க, 2 நிமிஷ வேலை. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.