மேடனில் ஹாட் ரூட் மாற்றினால் பாஸ் இன்னும் கெட்டுப்போகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

மழைக்காகம்:

வணக்கம். எட்டு மாதமாக மேடன் என்ற அமெரிக்க ஃபுட்பால் வீடியோ கேம் ஆடுகிறேன், பிளேஸ்டேஷனில். பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கை வைத்து ஓடுவது ஓரளவு பிடிபட்டுவிட்டது. பாஸ் மட்டும் வசப்படவே மாட்டேன் என்கிறது. ரிசீவர், அதாவது பாஸைப் பிடிக்க ஓடுபவர், ஓடும் பாதையை (ரூட்டை) கடைசி நேரத்தில் மாற்றும் ஹாட் ரூட் என்ற வசதி இருப்பது தெரிந்ததும் இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். நடந்தது நேர்மாறு. முன்பு ஒரு ஆட்டத்துக்கு ஒரு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) போகும், இப்போது மூன்று போகிறது.

நான் செய்வது இதுதான். அணி வரிசையில் வந்து நின்றதும் ட்ரையாங்கிள் அழுத்துகிறேன், அடுத்து ரிசீவரின் பட்டன், அடுத்து இடது ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளுகிறேன். ஒவ்வொரு ப்ளேயிலும், அதாவது முன்பே வரைந்து வைத்த ஒவ்வொரு நகர்விலும், மூன்று பேரையாவது மாற்றிவிடுவேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 6 யார்டு வேண்டும். ஸ்மாஷ் ப்ளே எடுத்தேன். இடது ஓரத்தில் நின்றவருக்கு 5 யார்டு ஓடி நின்று திரும்பும் ஹிட்ச், அவருக்கு உள்ளே ஸ்லாட்டில் நின்றவருக்கு ஆழத்தில் போய் ஓரக்கோட்டுப் பக்கம் திரும்பும் கார்னர் ரூட். எதிரணியில் பின்னால் இரண்டு சேஃப்டி (கடைசித் தடுப்பாளர்கள்) அகலமாகப் பிரிந்து நின்றார்கள், கவர் 2 என்று புரிந்தது. 6 யார்டு வேண்டிய இடத்தில் 5 யார்டு ஹிட்ச் எதற்கு என்று நினைத்து, ஓரத்து ஆளை நேரே ஓடும் ஸ்ட்ரீக் ஆக்கினேன். பிறகு கார்னர் ரூட்டுக்கு எறிந்தேன். பந்து இறங்கும் இடத்தில் எதிரணி ஆட்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பிடித்துக்கொண்டு எங்கள் எண்ட் சோன் வரைக்கும் ஓடிவிட்டார்.

இன்னொரு குழப்பம்: அவுட் கொடுத்தேன் என்று நினைத்தால் சில நேரம் ரிசீவர் உள்பக்கமாக ஓடுகிறார். கன்ட்ரோலர் பழுதா?

பனைநிழல்:

தம்பி, கவர் 2 என்று ஸ்னாப்புக்கு (பந்தை எடுத்து ப்ளே தொடங்கும் கணம்) முன்பே கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதுதான் பலருக்கு வராதது. தப்பு அந்த ஸ்ட்ரீக்கில் இருக்கிறது.

கவர் 2-இல் மைதானத்தின் ஆழத்தை இரண்டு சேஃப்டியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். கீழே ஐந்து பேர். ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக் என்ற தடுப்பாளருக்கு ஃப்ளாட், அதாவது ஓரக்கோட்டை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதி. ஸ்மாஷ் ப்ளேயை அந்த ஒரு கார்னர்பேக்கைக் குறிவைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். அவர் கண்ணுக்கு முன்னால் ஹிட்ச், முதுகுக்குப் பின்னால் கார்னர் ரூட். ஹிட்சைப் பிடிக்க அவர் நின்றால் தலைக்கு மேலே கார்னருக்கு எறியலாம். பின்னால் போனால் ஹிட்ச் காலியாக நிற்கும். எதை எடுத்தாலும் அவருக்கு நட்டம்.

நீங்கள் ஹிட்சை 5 யார்டு தரும் ரூட்டாக மட்டும் பார்த்துவிட்டீர்கள். அது கார்னர்பேக்கைக் கட்டிப்போடும் ரூட். அதை ஸ்ட்ரீக் ஆக்கியதும் அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஸ்ட்ரீக் ஓடியவரோடு கார்னர்பேக்கும் பின்னால் போனார், மேலே சேஃப்டியும் ஓரத்துக்கு நகர்ந்தார். உங்கள் கார்னர் ரூட் போய்ச் சேருவதும் அதே ஓரம்தான். இரண்டு ரிசீவரையும் ஒரே அறைக்குள் அனுப்பிவிட்டீர்கள்.

அதனால் ஒருவரை மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவருடைய ரூட் எதிரணியில் யாரைப் பிடித்து வைத்திருக்கிறது? பதில் தெரிந்தால் மாற்றலாமா கூடாதா என்று தானாகவே தெரிந்துவிடும். ஆர்2-வை அழுத்திப் பிடித்தால் ரூட்டுகளைக் காட்டும் ப்ளே ஆர்ட் கோடுகள் திரையில் வரும், அதைப் பார்த்து எந்த இரண்டு கோடுகள் ஒரே ஆளைச் சுற்றி வருகின்றன என்று தேடுங்கள். அந்த ஜோடியை மட்டும் தொடவே தொடாதீர்கள். எதிரில் ஆடுபவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரே டிவியைப் பார்க்கிறார் என்றால் கோடுகள் அவருக்கும் தெரியும், எனவே ப்ளே தேர்ந்தெடுக்கும் திரையிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டிக்கைத் தள்ளும் திசை திரையின் திசை. இடது ஓரத்து ரிசீவருக்கு இடது பக்கம் தள்ளினால் அவுட். வலது ஓரத்து ரிசீவருக்கு அதே இடது பக்கம் தள்ளினால் இன். ப்ளேயை ஃப்ளிப் செய்துவிட்டு, அதாவது இடம் வலமாக மாற்றிவிட்டு, பழைய பக்கமே தள்ளுகிறீர்களா என்று பாருங்கள்.

மழைக்காகம்:

ஃப்ளிப் செய்வது உண்டு அண்ணா, இது தோன்றவே இல்லை. ஆனால் எந்த ரூட் உள்ளே போகும், எது வெளியே போகும் என்பதே எனக்கு இன்னும் மனதில் நிற்கவில்லை. பெயர்கள் நிறைய.

ஒன்பதாம் ரூட்:

எண்ணாக நினைத்துக்கொள்ளுங்கள், பெயரைவிட எளிது. 1978 முதல் 1986 வரை சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த டான் கோரியல் தன் ப்ளேக்களில் ரூட்டுகளை எண்ணால்தான் அழைத்தார். மூன்று ரிசீவருக்கு மூன்று இலக்கம், அவ்வளவுதான். இன்று அதிகம் சொல்லப்படும் வரிசையில் 1 ஃப்ளாட், 2 ஸ்லாண்ட், 3 கம்பேக், 4 கர்ல், 5 அவுட், 6 டிக், 7 கார்னர், 8 போஸ்ட், 9 நேரே ஓடும் கோ, அதாவது உங்கள் ஸ்ட்ரீக். ஒன்பதை விட்டுவிட்டால் ஒற்றைப்படை எல்லாம் ஓரக்கோட்டுப் பக்கம் திரும்பும், இரட்டைப்படை எல்லாம் நடுப்பக்கம் திரும்பும். எண் கூடக்கூட ஆழமும் பெரும்பாலும் கூடும்.

இப்போது உங்கள் ஸ்மாஷைப் பாருங்கள். ஸ்லாட் ஆள் 7, ஓரக்கோட்டை நோக்கி, ஆழத்தில். அவருக்கு மேல் ஓரத்தில் இன்னொரு ஆழமான ஆளை, அதாவது 9-ஐ, நீங்களே கொண்டுபோய் வைத்தீர்கள். எண்ணாகச் சொல்லிப் பார்க்கும்போது நெரிசல் உடனே கண்ணில் படுகிறது.

நள்ளிரவு ஸ்னாப்:

என் கருத்து, ஹாட் ரூட்டை ஒரு மாதத்துக்குத் தொடவே வேண்டாம். ப்ளேபுக்கில் நூற்றுக்கணக்கில் ப்ளே இருக்கிறது. கவர் 2-க்கு ஒன்று, ஆழத்தை மூன்று பேர் காக்கும் கவர் 3-க்கு ஒன்று, ஆளுக்கு ஆள் பின்தொடரும் மேன் கவரேஜுக்கு ஒன்று என்று மூன்றே மூன்றை எடுத்து ஆடுங்கள், போதும்.

பனைநிழல்:

மூன்று ப்ளே என்பதை ஒத்துக்கொள்கிறேன். தொடவே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. நீங்கள் ப்ளே எடுத்த பிறகுதானே எதிரணி எப்படி நிற்கிறது என்று தெரிகிறது? மேன் கவரேஜில் ஓரத்து ஆளின் மூக்குக்கு முன்னால் கார்னர்பேக் நெருங்கி நின்று, நடுவில் ஆள் குறைவாகத் தெரிந்தால் அந்த ஒருவருக்கு ஸ்லாண்ட் கொடுப்பது மாதிரி லாபம் வேறு இல்லை. பந்து கையை விட்டு சீக்கிரம் போய்விடும், எறிபவரை நோக்கிப் பாயும் பாஸ் ரஷ்ஷும் எட்டாது.

மேன் தானா என்று சந்தேகம் இருந்தால் ஸ்னாப்புக்கு முன்பே ஒருவரை மோஷனில் குறுக்கே அனுப்பிப் பாருங்கள். எதிரணி ஆள் ஒருவர் அவர் பின்னாலேயே மைதானத்தைக் கடந்து வந்தால் பெரும்பாலும் மேன். ஆளாளுக்கு ஓரடி ஈரடி நகர்ந்து நின்றுகொண்டால் சோன், அதாவது ஆளைத் தொடராமல் இடத்தைக் காக்கும் முறை.

பிளிட்ஸ், அதாவது எதிரணி கூடுதல் ஆட்களை எறிபவர் மேல் பாய விடுவது, இன்னொரு இடம். எறிபவரைக் காக்கும் உங்கள் ஆஃபென்சிவ் லைனில் ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் பாய்ந்து வரப்போகிறார் என்று தெரிந்தால் ரன்னிங் பேக்கை ரூட்டிலிருந்து எடுத்து பிளாக் செய்ய வையுங்கள். அதுவும் ஹாட் ரூட்தான். கார்னர், போஸ்ட் மாதிரி ஆழத்தில் போய்த் திரும்புகிற ரூட்டுக்கு அந்த ஒரு நொடி ரொம்பப் பெரியது.

நள்ளிரவு ஸ்னாப்:

சரி, ஒருவர் மட்டும் என்றால் நானும் சம்மதம். மூன்று பேரை மாற்றுவதில் ஸ்னாப்புக்குள் கிடைக்கும் நேரமான ப்ளே கிளாக்கும் கரைகிறது. ட்ரையாங்கிளுக்கும் ஸ்னாப்புக்கும் நடுவில் நம் கண் ரிசீவர்கள் மேலேயே இருக்கும். அந்த நேரத்தில் சேஃப்டி ஒருவர் மெல்ல நடுவுக்கு நகர்ந்து கவர் 2-ஐ கவர் 3 ஆக்கிவிட்டால் நமக்குத் தெரியாது. ஆன்லைனில் நல்ல ஆட்டக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

கல்லூரி ஆட்டத்துக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். 2024-இல் வந்த காலேஜ் ஃபுட்பால் 25 கேமில் எதிரணியின் சொந்த மைதானத்தில் கூட்டம் இரைந்தால் ப்ளே ஆர்ட் கோடுகளே நெளிய ஆரம்பித்துவிடும். அங்கே போய் மூன்று பேரை மாற்ற நின்றால் கதை முடிந்தது.

மழைக்காகம்:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பிராக்டிஸ் மோடில் எதிரணிக்கும் ப்ளேயை நானே தேர்ந்தெடுக்க முடிகிறது, அதனால் கவர் 2-ஐ வைத்து அதே ஸ்மாஷைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். முதலில் ஹிட்சைத் தொடாமல். பந்தை எறியாமல் கார்னர்பேக்கை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹிட்ச் ஓடியவர் நின்று திரும்பிய கணத்தில் கார்னர்பேக்கும் கால் ஊன்றி நின்றுவிட்டார், முகம் எங்கள் பக்கம். அவருக்குப் பின்னால், சேஃப்டி வந்து சேருவதற்குள், ஓரக்கோட்டை ஒட்டி ஒரு காலி இடம் திறந்தது. அடுத்து ஸ்ட்ரீக் ஆக்கிப் பார்த்தேன். அந்த இடம் திறக்கவே இல்லை. நேற்று வரை இதை ஒரு தடவைகூட கவனித்ததில்லை.

கவர் 3 வைத்தும் பார்த்தேன். கார்னர்பேக் ஸ்னாப்பிலேயே பின்னால் போய்விடுகிறார், ஹிட்ச் தனியாக நிற்கிறது. 5 யார்டில் பிடித்து முன்னால் திரும்பினால் 6 யார்டு எளிதாகக் கிடைக்கிறது.

இப்போது ஒரே சந்தேகம். ஸ்மாஷில் ஒருவரை மாற்றலாம் என்றால் யாரை?

பனைநிழல்:

எறிவதற்கு முன் கார்னர்பேக்கைப் பார்த்தீர்களே, அதுதான் தம்பி வேலையே.

மாற்றுவதென்றால் எதிர்ப்பக்கத்தில் தனியாக நிற்பவரை மாற்றுங்கள். கவர் 2-இல் அவருக்கு ஸ்லாண்ட், மேன் என்றாலும் ஸ்லாண்ட். இடது ஓரத்து ஜோடியில் இருவரும் அடைபட்டால் கண்ணை அவரிடம் கொண்டுபோங்கள். அவர் வலது பக்கம் நிற்கிறார், அதனால் ஸ்லாண்டுக்கு வலது ஸ்டிக்கை இடது பக்கம் தள்ள வேண்டும். ஃப்ளிப் செய்தால் வலது பக்கம்.