737-இல் கையால் இறக்கும்போது ஆட்டோத்ராட்டிலை எப்போது எடுப்பது?

ஃப்ளாப்ஸ்30:
வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 737-800. ரன்வேக்கு இறங்கும் பாதையை ரேடியோவால் காட்டும் ஐஎல்எஸ் அப்ரோச்சில் 1,000 அடிக்கு மேலேயே ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையால் இறக்குகிறேன். பவரைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டிலை ஆனிலேயே விட்டுவைத்தால் மூக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே வருகிறது. ஃப்ளேர் (தரை தொடுமுன் மூக்கைத் தூக்குவது) தொடங்கும்போது பவர் தானாகவே ஐடிலுக்கு (மிகக் குறைந்த பவர்) போய், தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறது. சரி, 500 அடியில் எடுத்துவிடலாம் என்றால், பட்டனை அழுத்திய நொடியே என்1 (இன்ஜின் விசிறியின் சுழற்சி வேகம், சதவீதத்தில்) சடாரென்று விழுகிறது. ஏர்பஸ்ஸில் கடைசி வரை ஆனிலேயே வைக்கிறார்களே, 737-க்கு எது முறை? என்னிடம் இருப்பது மோட்டார் இல்லாத சாதாரண த்ராட்டில்.

கிளைட்பாதை:
737-இல் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். ஆட்டோபைலட்டை எடுத்துக் கையால் இறக்கப் போகிறீர்கள் என்றால் ஆட்டோத்ராட்டிலையும் எடுத்துவிடுங்கள் என்பதுதான் போயிங்கின் பரிந்துரை. காரணம், இன்ஜின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குகின்றன. பவர் கூடினால் மூக்கு மேலே போகும், குறைந்தால் இறங்கும். நீங்கள் மூக்கைச் சற்றே தூக்கினால் வேகம் குறையும்; உடனே ஆட்டோத்ராட்டில் பவரைக் கூட்டும்; அது மூக்கை இன்னும் தூக்கும்; நீங்கள் திருப்பி அமுக்குவீர்கள். நீங்கள் பார்க்கும் ஆட்டம் இதுதான்.

என்1 விழுவதற்குக் காரணம் உங்கள் லீவர். நிஜ 737-இல் ஆட்டோத்ராட்டில் லீவர்களைத் தானே நகர்த்துவதால், எடுக்கும்போது அவை சரியான இடத்தில்தான் இருக்கும். உங்கள் மேசையில் லீவர் ஐடிலில் கிடக்கிறது. ஆட்டோத்ராட்டில் போனதும் சிமுலேட்டர் அந்த இடத்தைத்தான் படிக்கிறது. ஆகவே எடுப்பதற்கு முன்பே லீவரைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

1,500 அடிக்குள் கியர் கீழே, ஃப்ளாப்ஸ் 30, வேகம் நிலையாக இருக்கட்டும். சுமார் 60 டன் எடையில், 3 டிகிரி சரிவில் என்1 ஏறக்குறைய 55% காட்டும். உங்கள் லீவரை அதற்கு ஈடான இடத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். லீவர் எங்கே இருக்கிறது என்று என்1 வட்டத்தில் குறி காட்டும் வசதி உங்கள் மாதிரியில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், வேலை பாதியாகும். பிறகு ஆட்டோபைலட்டை எடுங்கள், ஆட்டோத்ராட்டில் டிஸ்கனெக்ட் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். முதல் அழுத்தில் விலகும். இரண்டாவது, மின்னும் சிவப்பு விளக்கை அணைக்கும். இதெல்லாம் 1,000 அடிக்கு மேலேயே முடியட்டும். 500 அடி தாமதம், கையில் பவர் பிடிபடுவதற்குள் ரன்வே வந்துவிடும்.

'மேனுவல் ஓவர்ரைடு' என்ற அமைப்பு இருந்தால் அதை ஹோல்ட் மோடுக்கு (ஆட்டோத்ராட்டில் லீவரைத் தொடாமல் விடும் நிலை) மட்டும் என்று வையுங்கள். எப்போதும் என்று வைத்தால், நீங்கள் லீவரைப் பொருத்தும்போதே ஆட்டோத்ராட்டிலோடு மல்லுக்கட்டும்.

வேகக் கணக்கும் மாறும். ஆட்டோத்ராட்டில் ஆனில் இருந்தால் விரெஃப் (இறங்குவதற்கான அடிப்படை வேகம்) + 5 போதும். எடுத்துவிட்டால் எதிர்க்காற்றில் பாதி, அதோடு காற்று வீச்சு (திடீர் காற்றின் உச்சம்) அதைவிட எவ்வளவு கூடுதலோ அது முழுவதும் விரெஃபோடு சேரும். குறைந்தது 5, அதிகபட்சம் 15 நாட். விரெஃப் 142, நேர் எதிர்க்காற்று 12, வீச்சு 18 என்றால் 6 + 6 = 12. ஆக 154 நாட். தரையை நெருங்கும்போது எதிர்க்காற்றுக்கான 6-ஐக் கரைத்துவிடலாம், வீச்சுக்கான 6 தரை தொடும் வரை இருக்கட்டும்.

பிறகு 2, 3 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் குறைக்காதீர்கள். வேக டேப்பில் (திரையின் வேக அளவுகோல்) ட்ரெண்ட் அம்பைப் (வேகம் எங்கே போகிறது என்று காட்டுவது) பாருங்கள், வேகம் திரும்பத் தொடங்கியதும் பழைய என்1-க்கு வந்துவிடுங்கள். 20 அடியில் மூக்கை 2 முதல் 3 டிகிரி தூக்கி, சக்கரம் தொடும்போது ஐடிலில் இருக்கும்படி லீவரை நிதானமாக இழுங்கள். ஆட்டோத்ராட்டில் இருந்தால் 27 அடியிலேயே தானாக இழுக்கத் தொடங்கும். உங்கள் ஃப்ளேர் தாமதமானால் அந்த 'தொப்' வந்தே தீரும்.

இன்னொன்று: முழுதாக எடுத்துவிட்ட பிறகு டோகா (கோ-அரவுண்டுக்கான) பட்டனை அழுத்தினால் பவர் வராது, ஃப்ளைட் டைரக்டர் கம்பிகள் (மூக்கை எங்கே வைப்பது என்று திரையில் காட்டுபவை) மட்டும்தான் மாறும். கோ-அரவுண்டில் (இறங்காமல் மீண்டும் மேலேறுவது) லீவரை நீங்கள்தான் தள்ள வேண்டும்.

நியோடிட்டெண்ட்:
ஏர்பஸ் பற்றிக் கேட்டதால்: ஏ320-இல் லீவர் நகராது, சிஎல் (க்ளைம்ப்) டிட்டெண்டிலேயே (லீவர் பொருந்தி நிற்கும் பள்ளம்) நிற்கும், கணினி பவரைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஃப்ளேரில் அது தானாக ஐடிலுக்கு வராது. கையால் இறக்கும்போது 20 அடியில் 'ரிடார்ட்' என்று குரல் வரும், ஆட்டோபைலட்டே இறக்கும் ஆட்டோலேண்டில் 10 அடியில். அது நினைவூட்டல்தான், இழுக்க வேண்டியது நீங்கள். லீவரை சிஎல்லில் விட்டால் ஏ/டிஹெச்ஆர் (ஏர்பஸ்ஸின் ஆட்டோத்ராட்டில்) விஆப்பைப் (அப்ரோச் வேகம்) பிடித்துக்கொண்டே இருக்கும், விமானம் மிதக்கும். தரை தொட்டாலும் ஸ்பாய்லர் (இறக்கையின் மேல் எழும் தடுப்புப் பலகைகள்) விரியாது, ஸ்பாய்லர் விரியாமல் ஆட்டோபிரேக்கும் பிடிக்காது. 2007 ஜூலை 17 அன்று சாவ் பாவ்லோவின் கொங்கோன்யாஸில் டாம் 3054 விபத்தில் ஒரு லீவர் சிஎல்லிலேயே இருந்துவிட்டது. 199 பேர் இறந்தார்கள்.

நடுவானில் எடுக்க வேண்டியிருந்தால், லீவரை அப்போதைய பவருக்கு ஈடாக இழுத்துவிட்டுத்தான் லீவரிலுள்ள சிவப்பு பட்டன். சிஎல்லில் வைத்துக்கொண்டு அழுத்தினால் பவர் நேராக க்ளைம்புக்கு எகிறும். எஃப்சியூவில் (முன்கண்ணாடிக்குக் கீழுள்ள ஆட்டோபைலட் பலகை) உள்ள பட்டனில் எடுத்தால் கதை வேறு: த்ரஸ்ட் லாக் ஆகி, லீவரை நகர்த்தும் வரை பவர் அப்படியே உறைந்து நிற்கும்.

ஃப்ளாப்ஸ்30:
இருவருக்கும் நன்றி, ஓவர்ரைடு அமைப்பு 'எப்போதும்' என்றுதான் இருந்தது. 777-க்கும் 737 முறையேதானா?

கிளைட்பாதை:
இல்லை. 777-இல் கையால் ஓட்டும்போதும் ஆட்டோத்ராட்டிலை ஆனில் வைக்கலாம், போயிங் அதைத்தான் சொல்கிறது. பவர் மாறும்போது வரும் மூக்கு அசைவை அதன் ஃப்ளை-பை-வயர் (கணினி வழிக் கட்டுப்பாடு) ஈடுகட்டுகிறது. 25 அடியில் ஐடிலுக்குப் போகும்.

அதற்காக அதன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். அப்ரோச்சில் எஃப்எல்சிஹெச் (உயரம் மாற்றும் மோடு) அழுத்தி, லீவர் ஐடிலில் 'ஹோல்ட்' வந்துவிட்டால் ஆட்டோத்ராட்டில் ஆனில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் வேகத்தைக் காப்பாற்றாது. 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 இப்படித்தான் 137 நாட் இலக்கிலிருந்து 103 வரை இறங்கியது. 737-இலும் உண்டு: 2009 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் துருக்கிஷ் 1951-இன் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் (தரையிலிருந்து உயரத்தை அளக்கும் கருவி) மைனஸ் 8 அடி காட்ட, ஆட்டோத்ராட்டில் தரை வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு 2,000 அடிக்குச் சற்றுக் கீழேயே ரிடார்டுக்கு (பவரை ஐடிலுக்கு இழுக்கும் நிலை) போனது. அது எஃப்எம்ஏவின் (எந்த மோடு ஓடுகிறது என்று திரையின் மேலே காட்டும் பட்டை) இடது கட்டத்தில் எழுதியிருந்தது. எந்த மாதிரி ஓட்டினாலும் அந்தக் கட்டத்தையும் வேக டேப்பையும் மாறி மாறிப் பாருங்கள்.

நியோடிட்டெண்ட்:
கடைசியாக ஒரு சோதனை, எல்லா மாதிரிக்கும் பொதுவானது. லீவரை முழுக்கப் பின்னே இழுத்துவிட்டு, சிமுலேட்டரின் காக்பிட்டில் அது உண்மையிலேயே ஐடிலில் நிற்கிறதா என்று பாருங்கள். 2 சதவீதம் முன்னே நின்றாலே ஸ்பாய்லரும் ஆட்டோபிரேக்கும் வராமல் போகலாம். ஐடில் முனையில் சிறிது டெட்ஸோன் (லீவர் அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) கொடுத்தால் சரியாகிவிடும். ஃப்ளைபைவயர் குழுவின் ஏ320 மாதிரியான ஏ32என்எக்ஸில் ஃப்ளைபேடுக்குள் (காக்பிட்டிலுள்ள டேப்லெட்) த்ராட்டில் காலிபிரேஷன் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு டிட்டெண்டையும் அங்கே தனித்தனியாக அமைக்க வேண்டும், விண்டோஸ் காலிபிரேஷன் மட்டும் போதாது.